மார்கின் மரத்து ஒற்றைப் பேரிக்காய்

தொட்ட மாத்திரத்தில் பேரிக்காய் கையோடு வந்துவிட்டது. திருகி இழுக்க வேண்டியிருக்கும், கிளை ஆடும், யாராவது பார்ப்பார்கள் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்த லாமர்ட், வேலிக்கு மேல் நீட்டிய கையைப் பார்த்தபடி அப்படியே நின்றான். காம்பில் பச்சை நூல் சுற்றியிருந்தது. காற்றில் விழுந்துவிடக் கூடாதென்று அடுத்த வீட்டு மார்கின் கட்டியிருப்பாள் என்று நினைத்தான்.

படம் எடுத்ததும் அதே நூலால் அதே கிளையில் கட்டிவிடுவதாக மரத்திடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பழத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

அவன் திருடன் அல்ல. நீர்வாரிய அலுவலகத்தில் இருபது வருடமாகப் பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவன். எல்லாம் ஊர்ப் புகைப்படச் சங்கத்தின் போட்டி செய்த வேலை. இந்த ஆண்டு தலைப்பு, ‘வீட்டுப் பழங்கள்’. அன்று மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். போன ஆண்டு அவன் எடுத்த பனிமூட்டப் படத்தை நூலகத்தில் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். கதவு திறந்தால் படம் மறைந்துவிடும்; அதுவும் நல்லதுக்குத்தான் என்றாள் அவன் மனைவி யான்தீன்.

இந்த முறை விடுவதில்லை என்று இருந்தான். மூன்று ஆப்பிள், பாதி தோல் சீவிய எலுமிச்சை, ஒரு கொத்துத் திராட்சை எல்லாம் மேசை மேல் தயார். பின்னணிக்கு யான்தீனின் கறுப்புப் பாவாடையை விரித்திருந்தான். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் அதற்குத் தடை இல்லை. ஆனால் படத்தின் வலது ஓரம் பல்லுப் போன வாய் மாதிரி காலியாக இருந்தது. அங்கே வளைந்த காம்போடு ஒரு பேரிக்காய் வேண்டும். பழக்கடை ஈப்போவிடம் கேட்டால், காம்போடு இருந்த ஒன்றே ஒன்றையும் நேற்றே ஒருவர் பொறுக்கி வாங்கிப் போய்விட்டார் என்றான்.

மிச்சம் இருந்தது அடுத்த வீட்டு மார்கினின் மரம். வைத்த நாளிலிருந்து காய்க்காத மரம் அது. நாய் கட்டத்தான் ஆகும் என்று தெருவே கேலி செய்தது. இந்த வசந்தத்தில் ஒரே ஒரு பிஞ்சு பிடித்தது. அதற்குப் பிறகு மார்கினைப் பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் மாதச் சூறைக்காற்றில் ஊரில் உள்ள காயெல்லாம் உதிர்ந்தபோதும் தன் காய் அசையவில்லை என்று ரொட்டிக்கடை வரைக்கும் போய்ச் சொன்னாள். மூச்சுக்காற்று பட்டால்கூட ஆகாது என்று அதன் பிறகு ஒருவரையும் மரத்துக்குக் கிட்டே விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். வட்டமாக நாற்காலி போட்டுத் தெருவை உட்கார்த்தி, அந்த ஒற்றைப் பழத்தை நறுக்கி ஆளுக்கு ஒரு கீற்று தரப்போவதாக எல்லோரையும் அழைத்திருந்தாள். எங்கள் ஊரில் அது பெரிய விருந்துதான்.

அந்தப் பழம்தான் இப்போது லாமர்டின் சட்டைக்குள் இருந்தது.

எங்கள் ட்ரென்டே மாகாணத்தில் கூடப்பிறந்தவனைப் பகைத்துக்கொள்ளலாம், அடுத்த வீட்டைப் பகைத்துக்கொள்ள முடியாது. பிள்ளை பிறந்தால் முதலில் வாசலேறுவது அடுத்த வீடு. சாவு விழுந்தால் சமையலறையைக் கையில் எடுப்பதும், ஊருக்குச் சொல்லி அனுப்புவதும், பெட்டியைத் தூக்க ஆள் சேர்ப்பதும் அடுத்த வீடு. மார்கின் கைவிட்டால் லாமர்ட் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது.

நல்லவேளையாக அவள் மறுநாள் விருந்துக்குத் தலைமுடி சுருட்டிக்கொள்ள அழகு நிலையம் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

முன்னறையில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த அறையின் ஜன்னல் சுவர் அகலத்துக்குத் தெருவைப் பார்த்திருந்தது. லாமர்ட் பேரிக்காயை வலது ஓரத்தில் வைத்து நிமிர்ந்தபோது, எதிர்வீட்டு ரூலோஃப் நாயோடு நின்று கையசைத்தான். லாமர்ட் பழத்தை முதுகால் மறைத்துக்கொண்டு கையசைத்தான். நாய் வேலையை முடித்ததும் ரூலோஃப் திரும்பி வந்தான். மறுபடியும் கையசைத்தான். இப்படியே போனால் ஊரே பார்த்துவிடும் என்று பதறி, லாமர்ட் ஜன்னல் திரையைச் சரக்கென்று இழுத்து மூடினான்.

அதில் ஒரு நன்மையும் விளைந்தது. ஓரத்தில் விட்ட ஒரு கை அகல இடைவெளி வழியாக ஒரே ஒரு கீற்று வெளிச்சம் வந்து பேரிக்காயின் கன்னத்தில் விழுந்தது. ஆப்பிள்கள் பாதி இருட்டுக்குள் போயின. எலுமிச்சைச் சுருளின் விளிம்பு மட்டும் மின்னியது. அத்தனை பயத்திலும் லாமர்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் படம் என்று கேமராவுக்குக் குனிந்தான்.

வாசல் மணி அடித்தது.

ரூலோஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நாயைக் காணவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. பாத்துட்டேன்" என்றான்.

லாமர்ட் கதவைப் பிடித்துக்கொண்டான். "மார்கின் அக்காவுக்குத் தெரியுமா?"

"போன் பண்ணிச் சொல்லிட்டேன். தலையில சுருள் மாட்டினபடியே கிளம்பிட்டாங்க. அவங்கதானே முதல்ல வரணும்." ரூலோஃப் அவன் தோளைத் தொட்டான். "மனசைத் தேத்திக்கடா. எல்லார் வீட்லயும் ஒருநாள் நடக்கிறதுதான்."

எல்லார் வீட்டிலும் பேரிக்காய் திருடுவார்கள் என்பது லாமர்டுக்குப் புதிய செய்தி. அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் நிலைப்பதற்குள் மார்கின் வந்துவிட்டாள். சுருள் தலைக்கு மேல் துண்டு கட்டி, ஒரு கையில் தன் வீட்டுப் பெரிய காபிக் கெட்டிலோடு, அவனைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் நுழைந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். திட்டவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"அக்கா, நான் வேணும்னு செய்யல" என்றான்.

"வேணும்னு யாரு செய்வா? எப்ப ஆச்சு?"

"இன்னிக்குக் காலையில."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லக்கா. சும்மா தொட்டேன். கையோட வந்துடுச்சு."

மார்கின் கெட்டிலைக் கீழே வைத்தாள். "ஐயோ தம்பி. உன் கையிலேயே போயிட்டாளா?"

"யாரு?"

"யான்தீன்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

அப்போதுதான் லாமர்டுக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பட்டப்பகலில் முன்னறைத் திரையை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் இழுத்து மூடுவார்கள். வீட்டில் பிணம் கிடந்தால். பிறந்ததிலிருந்து அவனும் அறிந்த வழக்கம்தான். பயம் வந்தால் பிறந்த ஊரும் மறந்துபோகும் என்பதற்கு அவனே சாட்சி.

அவள் சாகவில்லை, க்ரோனிங்கனில் தங்கை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் திரையை மூடினாய் என்பது. அதற்குப் பதில் முன்னறையில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. லாமர்ட் ஒரு பேரிக்காய்க்காகப் பெண்டாட்டியைச் சாகவிட்டான்.

அதற்குப் பிறகு எதுவும் அவன் கையில் இல்லை. ரூலோஃப் தெருவில் வீடு வீடாகச் சொல்லப் போனான். பாதிரியாருக்குச் செய்தி போனது. துக்க வீட்டுக்கு வருபவர்களுக்குப் பழக்கூடை வேண்டுமென்று ஈப்போவின் கடைக்கும் சொல்லி அனுப்பினார்கள். சமையலறையில் காபி கொதித்தது. முன்னறைக் கதவுக்கு முதுகு கொடுத்து லாமர்ட் நின்றான்.

"தள்ளு தம்பி. நான் பாக்காத பொணமா?" என்றாள் மார்கின்.

"இப்ப வேணாம்க்கா. கெஞ்சிக் கேக்கிறேன்."

"சரி, சரி. அவளோட கறுப்புப் பாவாடை எங்க இருக்கு? தேவாலயத்துக்குப் போட்டுட்டு வருவாளே. அதுலதான் அனுப்பணும்."

"உள்ளதான் இருக்கு. நானே விரிச்சு வெச்சிருக்கேன்" என்றான் லாமர்ட். அதுவரை அவன் சொன்னவற்றில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான். மார்கின் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்த் தாழ் போட்டான். ஜன்னல் வழியே குதித்து, வீட்டைச் சுற்றிப் போய், பழத்தை மரத்தில் கட்டிவிட்டால் பாதிப் பாவம் தீர்ந்துவிடும் என்பது யோசனை. திரையை விலக்காமல் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான். வெளியே தெருவே கறுப்புக் கோட்டோடு தலைகுனிந்து நின்றது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பாவம், மூச்சு முட்டுகிறது அவனுக்கு என்று யாரோ சொல்வது கேட்டது.

திரும்பினான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, பேரிக்காயின் வளைந்த காம்பு வரைக்கும் ஏறியிருந்தது. தூக்கில் போடக் கூட்டிப்போகிறவன்கூட அதைப் பார்த்தால் நின்றிருப்பான். லாமர்ட் கேமராவுக்குக் குனிந்து அழுத்தினான்.

அந்தச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. "கடைசியா ஒரு படம் எடுத்துக்கிறான்" என்று சமையலறையில் மார்கின் விம்மினாள்.

க்ரோனிங்கன் பேருந்து அப்போதுதான் வந்து நின்றிருக்க வேண்டும். வெளியே முதலில் பேச்சு அடங்கியது. பிறகு ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. லாமர்ட் தாழைத் திறந்து ஓடினான். யான்தீன் பையைக் கீழே போட்டுவிட்டு, மூடிய திரையைப் பார்த்து, "என் லாமர்ட்டு, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தெரு அவளைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"நீ சாகலையா?"

"இல்ல."

"அப்ப நான் அழுதது?" என்று எழுந்தாள். "யாரு செத்தது? எதுக்குத் திரை?"

எல்லோரும் லாமர்டைப் பார்த்தார்கள். யான்தீன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்னறைக்குள் போய்த் திரையை ஒரே இழுப்பில் திறந்தாள்.

"என் கறுப்புப் பாவாடை!"

ஆனால் மற்றவர்கள் பாவாடையைப் பார்க்கவில்லை. மேசையில், வலது ஓரத்தில், காம்பில் பச்சை நூலோடு இருந்த பேரிக்காயைத்தான் பார்த்தார்கள். கடைசியாக உள்ளே வந்த மார்கினும் பார்த்தாள். அவள் முகம் மாவு மாதிரி வெளுத்தது. இதோ வந்துவிட்டது என்று லாமர்ட் கண்ணை மூடிக்கொண்டான். இனி இந்தத் தெருவில் குனிந்த தலை நிமிராமல்தான் நடக்க வேண்டும்.

"நல்ல பழம்" என்றது மார்கினின் குரல். "கடையில வாங்கினியா?"

லாமர்ட் கண்ணைத் திறந்தான். அவள் அதற்குள் காலி காபிக் கோப்பைகளை அவசரமாக அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"இது உங்க மரத்துப் பழம் மாதிரில்ல இருக்கு?" என்றான் ரூலோஃப். "இப்பதான் பின்பக்கமா வந்தேன். கிளையில எதுவும் காணோமே."

"உனக்குக் கண்ணு தெரியல. என் பழம் என் மரத்துலதான் இருக்கு."

அந்தப் பெருந்தன்மையை லாமர்டால் தாங்க முடியவில்லை. ஊரார் முன்னால் அவன் மானத்தைக் காக்க, ஆசையாய் வளர்த்த பழத்தையே தனதில்லை என்கிறாளே. அவனுக்கு அழுகை வந்தது. "நான்தான்க்கா பறிச்சேன். படம் எடுத்துட்டுத் திருப்பிக் கட்டிடலாம்னு இருந்தேன். மன்னிச்சிடுங்க" என்றான்.

"நீ பறிக்கல" என்றாள் மார்கின்.

"பறிச்சேன்க்கா."

"பறிக்கலன்னு சொல்றேன்ல. வாயை மூடு."

திருடியவன் திருடினேன் என்று அழுதான். பறிகொடுத்தவள் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள். தெரு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த நேரத்தில் துக்க வீட்டுப் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஈப்போ உள்ளே வந்தான். யார் செத்தது என்று கேட்கக் கூச்சப்பட்டு, கூடையை வைக்க இடம் தேடி மேசையருகே போனவன், பேரிக்காயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். காம்பைப் பிடித்து அதைத் தூக்கி, நூலைத் திருப்பிப் பார்த்தான்.

"அட, நான் வித்த பழமும் நான் குடுத்த நூலும். நேத்தே சொன்னேனே மார்கின் அக்கா, கிளையில கட்டித் தொங்கவிட்டா பிறந்தநாள் வரைக்கும் தாங்காது, யாராவது தொட்டா கையோட வந்துடும்னு."