இடது பக்கம் திரும்பாத கார்

எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நாலு சக்கரம். சாவியைத் திருகினால் எழுந்திருக்கும், மிதித்தால் ஓடும், எதிர்த்துப் பேசாது. வீட்டில் மற்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் என்றால் என் மனைவி ஒருத்திதான்.

அவளுக்கும் ஓட்டத் தெரியும். எங்கள் இருவருக்கும் லைசென்ஸ் ஒரே நாளில் கிடைத்தது. அவளுக்கு அது முதல் தடவை, எனக்கு மூன்றாவது. அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, சாவியை மட்டும் நான் அவள் கையில் கொடுத்ததே இல்லை.

"அம்மா வீட்டுக்குப் போகணுங்க."

"இந்த வெயில்லயா? பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?"

"சாயங்காலம் போலாம்."

"மேகம் கட்டியிருக்கு. மழை வந்தா துருப்பிடிச்சுடும்."

"அப்போ சாவியைக் குடுங்க, நானே போயிட்டு வரேன்."

"அதெல்லாம் நுணுக்கமான வண்டி. உனக்குப் பிடிபடாது."

இப்படியே எங்கள் இல்லறம் இனிதே நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் காருக்குப் பெரிய பிரேக் வாங்கினேன்.

பெரிய பிரேக் என்றால் சும்மா இல்லை. தாம்பாளம் அளவுக்குத் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்க சிவப்பு நிறத்தில் தடித்த ஒரு காலிபர். பந்தயக் காருக்குப் போடுவது. முன்னறையில் அழகு நிலையம் நடத்தும் என் மனைவி, கையில் சீப்போடு வெளியே வந்து பார்த்தாள்.

"எதுக்குங்க இது?"

"நூறு கிலோமீட்டர் வேகத்துல போனாலும் பட்டுன்னு நிக்கும்."

"நீங்க போற வேகத்துக்கு ஒரு காலைத் தரையில ஊன்னாலே நின்னுடுமே."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரேக் அழகாகப் பொருந்தியது. பழைய சக்கரம்தான் பொருந்தவில்லை. சக்கரத்தின் கம்பிகள் காலிபரில் போய் முட்டிக்கொண்டன. தம்பி சட்டையை அண்ணன் போடப் பார்த்த கதை. காரை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, புதுச் சக்கரம் தேட ஆரம்பித்தேன். முடிவெட்ட வந்த பெண்களெல்லாம் சக்கரமில்லாத காரைப் பார்த்து, "ஐயோ பாவம், என்ன கஷ்டமோ?" என்று என் மனைவியிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலை சாப்பாட்டு மேசையில் அவளுக்கு விஷயத்தை விளக்கினேன். ஒரு பாத்திர மூடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான் சக்கரம்னு வச்சுக்க. இதை வண்டியில மாட்டற இடம் சக்கரத்தோட நட்டநடுவுல இருக்காது. சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதுக்குப் பேருதான் ஆஃப்செட். அந்த நம்பர் கூடினா சக்கரம் உள்ள போகும். குறைஞ்சா வெளிய வரும். இதெல்லாம் பெரிய சமாச்சாரம், உனக்கு…"

"உள்ள ரொம்பப் போனா பிரேக்குல இடிக்கும். வெளிய ரொம்ப வந்தா மட்கார்டுல உரசும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். நான் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டது அவ்வளவேதான். மூடியைக் கீழே வைத்தேன்.

"அளந்து பார்த்து வாங்குங்க," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். வருகிற ஆளின் இரண்டு கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பதுதான் என் பிழைப்பு. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அந்த ஆளுக்கு ஒரு பெண்டாட்டி இரண்டாகத் தெரிவாள். அவன் தாங்குவானா? என்னைப் பார்த்து அளந்து வாங்கு என்றால்?

"என் கண்ணே போதும்," என்றேன்.

"உரசினா?"

"உரசினா சாவி உன் கையில! நீதான் டிரைவர். நான் பக்கத்து சீட்ல வாயைப் பொத்திக்கிட்டு உட்காருவேன்."

"உரசலைன்னா?"

"உரசலைன்னா ஆயுசுக்கும் நான்தான் ஓட்டுவேன். எங்க கூப்பிட்டாலும், எப்போ கூப்பிட்டாலும், நான்தான்! நீ சாவியைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது."

அவள் உடனே போனை எடுத்து தன் அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இவர் ஒண்ணு சொல்றார், கேட்டுக்கோ. சொல்லுங்க."

சொன்னேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, 'எங்க கூப்பிட்டாலும்', 'எப்போ கூப்பிட்டாலும்' இரண்டையும் அழுத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் அத்தை, "நல்லாயிருங்க மாப்பிள்ளை," என்றார்.

சக்கரக் கடைக்காரர் எதைக் கேட்டாலும் "ஆகும் சார்" என்கிற ரகம். என் முன்னால் இரண்டு சக்கரத்தை உருட்டி வைத்தார். ஒன்று ஆஃப்செட் முப்பத்தெட்டு. கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்து, பெரிய பிரேக்குக்கு வழிவிட்டு, அடக்க ஒடுக்கமாக மட்கார்டுக்குள்ளேயே நிற்கும். இன்னொன்று இருபத்திரண்டு. வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். நெஞ்சை நிமிர்த்திய பயில்வான் போல ஒரு தோரணை.

"இது உரசாதே?" என்று பயில்வானைக் காட்டிக் கேட்டேன்.

"உரசாது சார். உரசினாலும் போகப் போகப் பழகிடும்."

"நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

"என்கிட்ட சைக்கிள்தான் சார் இருக்கு."

பயில்வானையே வாங்கி வந்தேன். வீட்டில் நானே மாட்டினேன். பிரேக்கை இடிக்கவில்லை. கார் ஜாக்கியில் நின்றுகொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போனது. விசிலடித்துக்கொண்டே ஜாக்கியை இறக்கினேன். இறக்கியதும் கார் தன் பாரத்தில் அமர்ந்தது. டயர் மேலே ஏறி மட்கார்டுக்குள் புகுந்துகொண்டது. ஜாக்கியில் தொங்குகிற சக்கரத்தை அளப்பதும், ஆளை நாற்காலி மேல் ஏற்றி உயரம் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

தனியாக ஒரு சுற்று போய் வரலாம் என்று கிளம்பினேன். தெருமுனையில் இடது பக்கம் திருப்பினேன்.

சர்ர்ர்ர்ரக்.

இறங்கிப் பார்த்தேன். முன்பக்க இடது டயர், மட்கார்டுக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மூடாக்கை நக்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் திருப்பிப் பார்த்தேன். சத்தமே இல்லை. காரணம் எளிது. வலது பக்க மூடாக்கைப் போன வருஷமே எங்கள் வீட்டுக் கேட் கம்பம் பிய்த்து எடுத்துவிட்டது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். மாட்டி ஓட்டிய சக்கரத்தைத் திருப்பி எடுப்பதில்லையாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் "ஆகாது சார்" என்றார். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால், அவர் சம்சாரம் என் மனைவியிடம்தான் முடிவெட்டிக்கொள்கிறாள். அங்கே போவதற்குப் பதில் நானே மைக் பிடித்து அறிவித்துவிடலாம்.

யோசித்தேன். லேசாக வளைந்தால் சத்தமில்லை. முழுக்கத் திருப்பினால்தான். எங்கள் பக்கத்தில் இடது பக்கத் திருப்பம் எல்லாமே இடுக்கு. வலது பக்கம் எல்லாம் விஸ்தாரம். சரி, இனிமேல் எனக்கு இடது என்று ஒரு திசையே கிடையாது என்று முடிவெடுத்தேன். இடது பக்கம் போக வேண்டுமா? நேரே போய், வலது, வலது, வலது. வந்து சேர்ந்துவிடலாம். கணக்குச் சரிதான். பெட்ரோல்தான் கொஞ்சம் செலவு.

மறுநாளே பல் டாக்டரிடம் போக அத்தை வந்துவிட்டார். டாக்டர் வீடு சந்திப்பில் இடது பக்கம் மூன்றாவது கட்டடம். நான் நேரே போனேன்.

"மாப்பிள்ளை, டாக்டர் அந்தப் பக்கமில்ல?" என்றார் அத்தை பின்சீட்டிலிருந்து.

"அங்க ரோடு தோண்டியிருக்கான் அத்தை."

"இல்லையே, பஸ் போகுதே."

"பஸ் போகும். கார் போகாது."

வலது. மருந்துக்கடை வந்தது. வலது. பள்ளிக்கூடம் வந்தது. மூன்றாவது வலதில் ஒருவழிப் பாதை என்று பலகை. பதறிப் போய் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"மாப்பிள்ளை, இதே மருந்துக்கடையை இப்பத்தான் பார்த்தோம்."

"அது இவங்க கிளை அத்தை. நிறைய வச்சிருக்காங்க."

"வாசல்ல அதே நாய் படுத்திருக்கே."

என் மனைவி பக்கத்து சீட்டில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வீடு போய்ச் சேர்ந்தபோது அத்தை, "வலி போயிடுச்சு மாப்பிள்ளை, வீட்டுக்கே போயிடலாம்," என்றார்.

அதற்குப் பிறகு என் மனைவிக்குத் தினமும் ஒரு வேலை வந்தது. இன்று சீப்பு வாங்கணும். நாளைக்கு சிநேகிதியைப் பார்க்கணும். எல்லாமே இடது பக்கம்! வெயில், மழை என்று சாக்குச் சொல்ல வாயில்லை. 'எங்க கூப்பிட்டாலும்' என்று சொன்ன வாயாயிற்றே. முகம் கொடுக்காமல் இருந்தால் சந்தேகப்படுவாள். ஆகவே சிரித்துக்கொண்டே வலது, வலது, வலது என்று ஊரையே பிரதட்சிணம் வந்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. ஐந்து நிமிஷத் தூரத்தை அரை மணி நேரமாக ஆக்கிப் போனோம். கால்வாய் ஓரமாக ஒரு ரோடு இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அவள் கடலை உரித்து என் வாயில் போடுவாள். பார்லருக்கு வருகிறவர்களின் கதையெல்லாம் சொல்வாள். நான் சிரித்துச் சிரித்து நேராகப் போக வேண்டிய இடத்திலும் வலது பக்கம் திரும்பியிருக்கிறேன். இவளை ஏமாற்றுகிறோமே என்று அப்போதுதான் மனசு குறுகுறுக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சாவியை அவள் கையில் வைத்து, தோற்றேன் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சாவியைப் பிரிய மனசில்லைதான். இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

ஞாயிறு காலை நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பெட்டியோடு வந்து நின்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். மூவரும் பறந்தோம். சந்திப்பில் ஒரு லாரி குறுக்கே படுத்துக் கிடந்தது. நேரே போக வழியில்லை, வலதும் அடைப்பு. போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். இடது பக்கம்.

"போங்க மாப்பிள்ளை, ரயில் போயிடும்!"

பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. மனைவியைப் பார்த்தேன்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்…"

"அப்புறம் சொல்லலாம், முதல்ல திருப்புங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன். சத்தம் இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று பார்த்தேன், ஹாரன் கேட்டது. அடுத்த முனையில் இன்னொரு இடது. சத்தமே இல்லை! பழகிவிட்டது! கடைக்காரர் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். அத்தையை ரயிலில் ஏற்றிவிட்டு வந்து, ஸ்டேஷன் வாசல் மைதானத்தில் இடது பக்கமாகவே ஐந்தாறு வட்டம் அடித்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

"எதுக்குங்க சுத்தறீங்க? மயக்கமா வருது."

"காது கொடுத்துக் கேளு! எங்கேயாவது உரசுதா? சொல்லு. பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"நீங்கதான்."

"சாவி?"

"உங்ககிட்டதான்."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன்.

"உண்மையைச் சொல்லு. என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. நேத்து நீங்க பஸ்ல வேலைக்குப் போயிருந்தப்போ அந்த இடது பக்கத்துப் பிளாஸ்டிக்குக்கு முடி காயவைக்கிற மெஷின்ல நல்லா சூடு காட்டினேன். இளகுச்சு. உள்ள அமுக்கி, கம்பியால இழுத்துக் கட்டிட்டேன். முடியை வளைக்கறதும் அதை வளைக்கறதும் ஒண்ணுதான்."

"அப்போ… உரசுதுன்னு உனக்கு…"

"பல் டாக்டர்கிட்ட போன அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் சுத்த விட்டே?"

"நல்லாத்தானே இருந்துச்சு?"

நன்றாகத்தான் இருந்தது. என் மானத்தைக் காப்பாற்ற, தான் ஜெயித்த பந்தயத்தையே எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள்! கண் கலங்கிவிட்டது எனக்கு. சாவியை உருவி அவளிடம் நீட்டினேன்.

"இந்தா. தோத்தது நான்தான். நீயே ஓட்டு."

அவள் தொடக்கூட இல்லை. சுடுகிற பாத்திரத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"ஐயோ, எனக்கு எதுக்குங்க? இந்த நெரிசல்ல யாரு ஓட்டறது? நான் என்னைக்காவது ஓட்டணும்னு கேட்டேனா? கூட்டிட்டுப் போங்கன்னுதான் கேட்டேன். நீங்க மாட்டேன்னதாலதான் சாவியைக் கேட்டேன்."

"அப்போ பந்தயம்?"

"உரசியிருந்தா நானில்ல ஓட்டியிருக்கணும்? அந்தப் பயத்துலதான் நேத்து அரைநாள் வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தேன். இப்போ எங்க கூப்பிட்டாலும், எப்போ கூப்பிட்டாலும், ஆயுசுக்கும் நீங்கதான். அம்மாவே சாட்சி."

நான் சாவியை மறுபடி செருகினேன். அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"ஏன், முன்னால உட்காரலையா?"

"காலை நீட்டிக்கறேங்க. எங்க அக்கா வீட்டுக்கு ரொம்ப தூரம் போகணும்ல."