மிதந்த ரேடியோவும் மாட்டேன் நானாவும்

மாத்தளை முழுவதும் ஒருநாள் மலையுச்சிக்கு ஓடிப்போய்க் குதித்தாலும், மாட்டேன் நானா மட்டும் அடிவாரத்தில் நின்று செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்படியொரு மனிதரை இந்தத் தீவு இன்னொரு முறை தாங்காது.

கடைத்தெருவில் அவருக்கு மிளகு வியாபாரம். யார் மிளகு கொண்டுவந்தாலும் ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போடுவார். தாழ்ந்தால் சரக்கு. மிதந்தால் பொக்கு, "மாட்டேன்" என்று மூட்டையைத் திருப்பிவிடுவார். பத்திரிகையைக்கூட மறுநாள்தான் படிப்பார். "இண்டைய செய்தி பச்சை மிளகு, தம்பி. காயட்டும்."

ஊரார் பத்திரிகை, புத்தகம் படிக்க ஒரு வாசிகசாலை கட்டக் கடை கடையாக ஏறி நான் சேர்த்த பணம் வர்த்தகர் சங்கப் பெட்டியில் இருந்தது. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சங்கத் தலைவரான புடைவைக்கடை முதலாளியிடம், மற்றது நானாவிடம்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து டை கட்டிய ஏஜண்ட் ஒருவர் வந்து, டிரான்சிஸ்டர் ரேடியோ செய்யப்போகும் கம்பெனிக்குப் பங்கு விற்றார். இரும்புக்கடைக்காரர் வாங்கப்போகிறாராம் என்று புடைவைக்கடை முதலாளி வாங்கினார். புடைவைக்கடை முதலாளியே வாங்கிவிட்டாரே என்று இரும்புக்கடைக்காரர் வாங்கினார். பிறகு தெருவே வாங்கியது. நாவுலவிலிருந்து கத்தரிக்காய் விற்க வந்தவர்கூடப் பங்கோடுதான் பஸ் ஏறினார். கடைசியில் வாசிகசாலைப் பணத்தையும் அதிலேயே போடுவதென்று சங்கம் கைதூக்கியது. நான் நானாவிடம் ஓடினேன்.

நானா ஏஜண்டைக் கடைக்குக் கூப்பிட்டார். பின்னாலேயே சங்கமும் வந்தது.

"ஃபேக்டரி எங்க, மாத்தயா?"

"கட்டப்போறோம்."

"மெஷின்?"

"கப்பல்ல வரும்."

"லாபம்?"

"அதுக்குப் பிறகு வரும்."

"அப்ப இப்ப என்னதான் ஈக்குது?"

"ஷேர் இருக்குங்களே!"

ஏஜண்ட் காட்டுவதற்கென்று கொண்டுவந்த ரேடியோவை நானா வாங்கினார். தூக்கிப் பார்த்தார். வாளிக்குள் விட்டார். ஏஜண்ட் அலறினார். ரேடியோ ஜம்மென்று மிதந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பெட்டி.

"பொக்கு," என்றார் நானா.

கூட்டம் வாளியை எட்டிப் பார்த்தது. பிறகு புடைவைக்கடை முதலாளி கூவினார்: "பாத்தீங்களா! தண்ணியிலகூடத் தாழாத ரேடியோ!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்று மாலைக்குள் ஆளாளுக்கு இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கினார்கள்.

"நானா, சாவியக் குடுங்க," என்றது சங்கம்.

"மாட்டேன்."

"சங்கத்த விட்டுத் தள்ளிருவோம்!"

"தள்ளுங்க. சாவியும் என்னோடதான் வரும்."

தள்ளினார்கள். அவர் கடையில் யாரும் மூட்டை இறக்கவில்லை, சலாம்கூடச் சொல்லவில்லை. நானா தினமும் வாளித் தண்ணீரை மட்டும் மாற்றி வைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள், கம்பெனியைப் பார்க்கக் கொழும்புக்குப் போன இரும்புக்கடைக்காரர் அந்த விலாசத்தில் ஒரு சலூனைக் கண்டார். வந்ததற்கு முகத்தை மழித்துக்கொண்டு திரும்பினார். மறுநாள் தெரு முழுவதும் நானா கடை முன்னால் திரண்டது.

"நானா, நீங்க செஞ்சதுதான் சரி! சாவியத் தாங்க, வாசிகசாலையக் கட்டிருவோம்!"

நானா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "ஒரே குரல்ல கேக்குறீங்க. பயமா ஈக்குது. மாட்டேன்."

கூட்டம் கலைந்ததும் நான் தனியாகப் போனேன். நானா இடுப்புவாரிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வாசிகசாலைக் கதவ ஒடுக்கமா வைங்க, தம்பி. ஒவ்வொருத்தராத்தான் உள்ள வரணும்."

அப்படியே வைத்தோம். நானா போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. கடலைக்குக் காகிதச் சரை சுற்ற நேற்றைய பத்திரிகையைக் கேட்டு அந்த ஒடுக்கக் கதவால் யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது நானா படிக்கிற பத்திரிகை.

மாட்டேன் என்கிறேன்.