பர்மனென்ட் ஆச்சா?

மனிதரில் ‘பர்மனென்ட் விசாரிப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் இது தக்காளியைப் போல எல்லாப் பருவத்திலும் விளையும். நிலாவில் கால் வைத்துவிட்டு ஒருவர் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும், இவர் அருகில் வந்து, தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, “அதெல்லாஞ் சரிங்க, பர்மனென்ட்டா?” என்றுதான் கேட்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

இந்த இனத்தின் மேலான மாதிரி வெங்கடாசலம். முப்பத்து நான்கு ஆண்டு ஏழு மாதம் ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டு, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். தம் கல்யாணத் தேதியை மனைவியிடம் கேட்டுத்தான் சொல்வார். பணி நிரந்தரமான தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்: 1985 ஆகஸ்ட் 16, முற்பகல்.

இவருடைய அக்கறையில் பதினான்கு ஆண்டுகளாக மாட்டிக்கொண்டவள் சோபனா. அதே தெருவில் பிறந்தவள். இவரை மாமா என்று கூப்பிடுகிறவள். 2011 முதல் 2018 வரை இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்காக இருபத்து மூன்று ஆட்டங்கள் ஆடினாள். அவற்றில் பதினேழு முழு நேரம். மொத்தம் 1,604 நிமிடம், நான்கு கோல், இரண்டு மஞ்சள் அட்டை. இந்தக் கணக்கில் ஓர் எண்ணாவது வெங்கடாசலத்துக்குத் தெரியுமா? தெரியாது. அவருக்கு வேண்டிய கணக்கே வேறு.

முதல் ஆட்டம் முடிந்து ஊர் திரும்பியபோது கேட்டார்: “இந்தியாவுக்கு ஆடுனியாமே! நல்லது கண்ணு. இதுல வேலைக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?”

2014இல் காத்மாண்டுவில், எண்பத்தோராவது நிமிடம், இருபத்தைந்து கஜத்திலிருந்து இடது காலால் ஒரு கோல். மறுநாள் காலை போன் வந்தது. “கோலுக்குக் கோட்டாவுல மார்க்கு உண்டுதானே? ஒண்ணுக்கு எத்தன?”

2018இல் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆறு சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. “மனச வுட்றாத பாப்பா. டாக்டர்கிட்ட சொல்லி, சர்டிபிகேட்ல ஊனம் நாப்பது பர்சென்ட்டுன்னு போடச் சொல்லு. அந்தக் கோட்டா இப்ப நல்லா நகருது.”

கால் தேறியது, ஆனால் பழைய கால் வரவில்லை. சோபனா பயிற்சியாளர் படிப்பு படித்து, 2021இல் ‘பி லைசென்ஸ்’ வாங்கினாள்.

“லைசென்ஸா? ஹெவியா, லைட்டா?”

“கோச்சிங் லைசென்ஸுங்க மாமா. புட்பாலுக்கு.”

“எதுக்கா இருந்தா என்னா? பேட்ச் போட்டுக்க. அரசு பஸ்ஸுல எடுப்பாங்க.”

இப்போது அவள் ஒரு பயிற்சி மையத்தில் கோச். பதினோரு மாத ஒப்பந்தம். ஒரு மாதம் இடைவெளி. மறுபடி பதினோரு மாதம். பன்னிரண்டாம் மாதத்தில் அவள் சட்டப்படி கோச் கிடையாது. ஆனாலும் காலை ஐந்தே முக்காலுக்கு விசில் ஊதும். இருபத்தாறு பெண்கள் ஓடுவார்கள்.

அந்த இருபத்தாறில் ஒருத்தி யுவராணி. ஏரியூரிலிருந்து வருகிறாள், ஒன்பதாம் வகுப்பு, பந்து அவள் இடது காலில் பட்டால் தானாகவே அடங்கி நிற்கும். தேசிய முகாமுக்குத் தேர்வாகிவிட்டாள். ஒரே ஒரு காகிதம் பாக்கி: அப்பாவின் சம்மதக் கையெழுத்து. 2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்கு.

அப்பா பச்சியப்பன், நிலக்கடலை விவசாயி. சோபனா அதற்குமுன் நான்கு முறை போயிருந்தாள். முதல் முறை தண்ணீர் கிடைத்தது. இரண்டாம் முறை டீ. மூன்றாம் முறை, “பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் எப்பிடிங்க டீச்சர்?” நான்காம் முறை, “வெள்ளிக்கெழம வாங்க, பாப்பம்.”

வெள்ளிக்கிழமை ஏரியூர் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் வெங்கடாசலம்! விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பச்சியப்பனா? எனக்குப் பங்காளி. நான் பேசறேன். நீ வாயே தொறக்காத.”

அழகாகத்தான் பேசினார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடு, கொடி, ஏரியூரின் பெயர் என்று இருபது நிமிடம். உள்ளேயிருந்து அவர் மனைவி சென்னம்மாள்கூட, “போட்டுக் குடுங்களேன், புள்ள மொகத்தப் பாருங்க” என்றாள். பச்சியப்பன் மண்கையை வேட்டியில் துடைத்து, பேனாவை வாங்கி, கடலை மூட்டைமேல் காகிதத்தை வைத்துக் குனிந்தார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். இந்த இனத்துக்கு நிறுத்தத் தெரியுமா?

“ஏம் பாப்பா, கேக்கணும்னே இருந்தேன். ஒனக்கு பர்மனென்ட் ஆச்சா?”

பேனா நின்றது. மணி நான்கு பன்னிரண்டு.

“என்னங்கண்ணா, இவங்களுக்கு இன்னும் ஆவலீங்களா?” பச்சியப்பன் நிமிர்ந்தார். “இந்தியாவுக்கு ஆடுனவங்களுக்கே இல்லீன்னா, எம்புள்ள போயி என்னாங்க பண்ணப் போவுது?”

நியாயமான கேள்வி. சோபனாவிடம் பதிலும் இருந்தது. ஆனால் அது ஒரு மணி நேரத்துப் பதில். இருந்தது நாற்பத்தெட்டு நிமிடம். யுவராணி கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளி வழியை மறித்தால் உடம்பை ஒரு பக்கம் காட்டி, பந்தை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சோபனா. அதை வாயால் செய்ததில்லை.

“ஆயிருச்சுங்க. போன மாசம்.”

வெங்கடாசலம் எழுந்தே விட்டார். “எத்தனாந் தேதி?”

“இருபத்தாறு.”

“முற்பகலா, பிற்பகலா?”

“முற்பகலுங்க மாமா.”

“பாத்தியா பச்சியப்பா!”

கையெழுத்து விழுந்தது. சோபனா அதைப் படமெடுத்து, சிக்னல் கிடைத்த தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் ஏறி நின்று அனுப்பியபோது மணி நான்கு முப்பத்தொன்று.

ஒன்பதாம் நாள் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் ஒரு பிளக்ஸ் எழுந்தது. பன்னிரண்டுக்கு எட்டு அடி. “பணி நிரந்தரம் பெற்ற எங்கள் வீட்டுத் தங்கத்துக்கு வாழ்த்துகள்! இவண்: வெங்கடாசலம் மற்றும் நண்பர்கள்.” இருபத்து மூன்று ஆட்டத்துக்கு வராத பிளக்ஸ், நான்கு கோலுக்கு வராத பிளக்ஸ், இல்லாத ஓர் ஆணைக்கு வந்தது. படத்தில் பந்து இல்லை, பாஸ்போர்ட் போட்டோ. அடியில், உற்றுப் பார்த்தால் தெரியும் எழுத்தில், “கால்பந்தும் ஆடுவார்”.

அதைக் கழற்றச் சொல்லத்தான் சோபனா மறுநாளே புறப்பட்டாள். அதற்குள் மைதான வாசலில் ஏழு அப்பாக்கள், பெண்களோடு நின்றார்கள். “பர்மனென்ட் டீச்சர்னு சொன்னாங்க. நம்ம பாப்பாவயும் சேத்துக்குங்க.” இருபத்தாறு பேர், ஆகஸ்ட் முடிவதற்குள் நாற்பத்தொன்றாயினர். என்ன செய்வாள்? நாற்பத்தொன்றுக்கும் விசில் ஊதினாள். ஆகஸ்ட் 31இல் ஒப்பந்தம் முடிந்தது. செப்டம்பர் 1, காலை ஐந்தே முக்காலுக்கும் ஊதினாள்.

அன்று மாலை முகாமிலிருந்து யுவராணி பேசினாள்.

“அக்கா, லெப்ட் பேக்ல போட்டாங்க.”

“எவ்ளோ நேரம் ஆடுன?”

“எழுவது நிமிஷங்க்கா.”

“மிச்ச இருவது?”

“கால் புடிச்சிக்கிச்சு. சிரிக்காதீங்க்கா!”

சிரித்தபடியே போனை வைத்தால், எதிரே வெங்கடாசலம். அருகில் வந்தார். தோளைத் தொட்டார். குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாஞ் சரி பாப்பா. பழைய பென்ஷனா, புதுப் பென்ஷனா?”

ஆக, இந்த இனத்துக்கு மருந்து கிடையாது. ஒரு கேள்வியை அடைத்தால் அடுத்த கேள்வி முளைக்கும். நீங்கள் அப்படியில்லை; தெரியும். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இதை முடிக்கும் இந்த நிமிடம், யுவராணி அடுத்த ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடமும் தாக்குப்பிடித்தாளா என்று கேட்கத் தோன்றுகிறதா? அல்லது, சோபனாவுக்கு அந்த ஆணை நிஜமாகவே எப்போது வரும் என்று தோன்றுகிறதா?

இரண்டாவது என்றால், வெங்கடாசலம் பக்கத்தில் துண்டு போட்டு வைத்திருக்கிறார். போய் உட்காருங்கள்.