வடிவு வாங்கி வந்த ஆறு நிராகரிப்புகள்

ஒரு காட்டில் கூட்டுக்கு அடியில் ஓட்டை விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? புல்லைக் கொண்டுவந்து அடைக்க வேண்டும் என்கிறீர்களா? அதுதான் இல்லை. மனு எழுத வேண்டும்.

அந்தக் காட்டில் அப்படித்தான் சட்டம். சிங்கம் போன கோடையில் பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு, வரும்போது ஒரு படிவத்தைக் கொண்டுவந்தது. அதில் ஆறு கட்டம், ஆறு இங்கிலீஷ் சொல். யார் எதை மாற்றினாலும் ஆறில் ஒன்றை டிக் அடித்து அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் கை வைத்தால் வீட்டைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

தூக்கணாங்குருவி வடிவின் கூட்டில் அன்று காலையில்தான் ஓட்டை விழுந்தது. ஓடைமேல் சாய்ந்த ஈச்சமரத்தில் கூடு. உள்ளே மூன்று முட்டை. கீழே தண்ணீர். அவள் புருஷன் வேலாண்டி சட்டென்று தன் வயிற்றை ஓட்டையில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

"நான் அசைஞ்சா மூணும் ஓடையில. சீக்கிரம் போயிட்டு வா."

"ஒரு வாய் புல்லு வச்சா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு ஆபீசு?"

"மரங்கொத்தி கேக்காம வாசலை அகலப்படுத்தினாரே, இப்ப எங்க இருக்காரு தெரியுமா?"

"எங்க?"

"மாமியார் வீட்டுல."

வடிவு பறந்தாள்.

அலுவலகம் பெரிய புற்றை ஒட்டி இருந்தது. ஜன்னலில் முள்ளம்பன்றி. எழுத வேண்டும் என்றால் அது தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்க வேண்டும். அதனால் எந்நேரமும் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும். வெளியே மனு எழுதித் தர ஒரு மைனா. பள்ளிக்கூடத்து ஓட்டு இடுக்கில் நான்கு வருஷம் குடியிருந்ததால் இங்கிலீஷ் தெரியும்.

"ஓட்டையை அடைக்கணும்க்கா. எதுல டிக் அடிக்க?" என்றாள் வடிவு.

"ரிப்பேர்," என்றது மைனா.

முள்ளம்பன்றி படித்துப் பார்த்தது. "ரிப்பேர்னா பழசு பழையபடி ஆகணும். நீ எந்தப் புல்லு வைக்கப் போற?"

"புதுப் புல்லுதான் சார்."

"அப்ப அது ரிப்பேர் இல்ல." முள்ளைப் பிடுங்கி, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது.

வடிவு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஆமை. ஆகவே நேரம் ஆயிற்று.

"ரீபிளேஸ்னு போட்டிருக்கேன் சார்."

"பழைய புல்லை ஒப்படைச்சாத்தான் ரீபிளேஸ். கொண்டாந்தியா?"

"அது ஓடையோட போயிருச்சே சார்."

முள். முத்திரை.

மாடிஃபை செய்ய வரைபடம் கேட்டது. கூடு கட்டும்போதே யாரும் வரையவில்லை. ரினோவேட் என்றால் கூட்டுக்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டுமாம். கூட்டுக்கு இருபத்து மூன்று நாள்தான். ஆல்ட்டர் என்று எழுதிக்கொண்டு போனால், "அது துணிக்கும்மா. தையல்சிட்டுக்கு மட்டும்தான் குடுப்போம்," என்றது.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மைனா கடைசிக் கட்டத்தைக் காட்டியது. "அப்டேட் ஒண்ணுதான் பாக்கி. போட்டுப் பாரு, போ."

"அப்டேட்டா?" முள்ளம்பன்றி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தது. "அதை நாங்களா அனுப்புவோம். வந்தா வாங்கிக்கணும். நீயா வந்து கேக்கக் கூடாது."

"சார், உள்ள மூணு முட்டை இருக்கு. எங்க வீட்டுக்காரரு காலையிலேர்ந்து ஓட்டையில உக்காந்திருக்காரு."

"உக்காரட்டும். அதுக்கு அனுமதி தேவையில்ல." ஆறாவது முத்திரையும் விழுந்தது.

வடிவு ஆறு காகிதத்தையும் அலகில் கவ்விக்கொண்டு திரும்பினாள். வேலாண்டியின் கால் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. முதல் தூறல் விழுந்தது.

"வயிறு மரத்துப்போச்சு வடிவு. அனுமதி கிடைச்சுதா?"

"இல்ல."

"ஒண்ணுமேவா கிடைக்கல?"

"ஆறு காகிதம் கிடைச்சுது. நகரு."

நல்ல கெட்டிக் காகிதம். இரண்டைக் கிழித்து நார் ஆக்கினாள். மற்ற நாலையும் ஓரத்தின்மேல் ஓரம் ஏறும்படி பக்கம் பக்கமாக வைத்து இழுத்துப் பின்னினாள். எழுதாத பக்கம் வழவழவென்று இருந்ததால் அதை முட்டைப் பக்கமாக வைத்தாள். எழுதிய பக்கம் வெளியே போயிற்று. இரவெல்லாம் மழை. ஒரு முட்டைகூட நனையவில்லை.

விடிந்ததும் முள்ளம்பன்றி சோதனைக்கு வந்து, ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தது.

"ஓட்டையைக் காணோமே. ரிப்பேர் பண்ணியா?"

"நீங்கதான் இல்லைன்னுட்டீங்களே சார். அந்தா, வாசலுக்குக் கீழ ஒட்டியிருக்கு பாருங்க."

இருந்தது. தன் கையெழுத்துத்தான்.

"அப்ப மாடிஃபை?"

"அதுக்குப் பக்கத்துல."

முள்ளம்பன்றி கரையோரமாக நடந்து கூட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்தது. கிழிந்த நாரையும் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டியது. ஆறு வேலையில் எதுவும் இது இல்லை என்று ஆறு இடத்தில் தன் முத்திரையே. ஏழாவது வேலை என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. வேறு வழி? முள்ளைப் பிடுங்கி எழுதியது: 'நேரில் பார்வையிட்டேன். கூட்டில் எந்த வேலையும் நடைபெறவில்லை. ஓட்டையும் இல்லை.'

வேலாண்டி மூச்சு விட்டான். அதற்காகவும் மனு கேட்பார்களோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அலுவலகத்தில் வரிசை ஓடைவரை நீண்டது. எல்லார் வீட்டிலும் ஒழுகல். முதல் ஆளாகக் காக்காய் நின்றது.

"உனக்கு என்ன வேணும்? ரிப்பேரா, மாடிஃபையா?" என்றது முள்ளம்பன்றி.

"எது வேணும்னாலும் போடுங்க சார். கூடு கொஞ்சம் பெரிசு, ஆறு பத்தாது. தயவு பண்ணி ஒரு பன்னிரண்டு நிராகரிப்பாக் குடுங்க."

நீதி: அனுமதி கிடைத்தால் ஒரு தாள்தான், நிராகரிப்பு வேண்டுமட்டும் கிடைக்கும். மழைக்கு முன்னால் விண்ணப்பிக்கவும்.