மேலத்தெரு வேகத்தடையும் என் சிவப்புக் காரும்

சேத்தூர்க்கட்டளை காலனித் தெரு,
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே.
14.12.2013

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரா. செல்லதுரை எழுதிக்கொள்வது. தாங்களும், அலுவலக நண்பர்களும், மாதம் ஒன்றாக உங்கள் வாசலில் வந்து நின்று போகும் சோதனை ஓட்டக் கார்களும் ஒரு கீறலும் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் கொஞ்சம் குறைவு. ஆற்றில் தண்ணீர் வரவேண்டிய மாதத்தில் வரவில்லை, வேண்டாத மாதத்தில் மழையோடு சேர்ந்து வந்தது. அதைப் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. நான் கார் விஷயமாக எழுதுகிறேன்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஏப்ரல் இதழில் ‘கேளுங்கள், ஓட்டுங்கள்’ பகுதியில் நான் கேட்ட கேள்வி வந்தது. வயது இருபத்தாறு, டிப்ளமோ, ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் வேலை, எங்கள் தெருவிலேயே முதல் கார், எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். “இளைஞர், முதல் கார் என்கிறீர்கள். யோசிக்காமல் துடிப்பான வண்டியாக எடுங்கள். ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் இரண்டு விரல் தாழ்த்தினால் வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும், பார்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்” என்று பதில் போட்டிருந்தீர்கள். தினமும் ஆயிரம் கதவுக்கு ரப்பர் செய்துவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான். சிவப்பு நிறம் எடுத்தேன். ஸ்பிரிங்கைத் தாழ்த்தினேன். அடிப்பக்கம் சுற்றிலும் பாவாடை கட்டியதுபோல ஒரு பிளாஸ்டிக் பட்டையும் பொருத்தினேன். அதுவும் உங்கள் இதழில் பார்த்ததுதான். கார்க் கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கார் நல்ல கார்.

ஆனால் கேள்வியில் ஒரு விஷயத்தை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். கார் எனக்காக இல்லை. அப்பாவுக்காக. அப்பா பெயர் இராஜாங்கம், பண்ணையாளாக இருந்தவர். ஆட்சி மாறிய அறுபத்தேழில் அவருக்கு இருபத்தொரு வயது. சங்கத்து சைக்கிளில் கூலி உயர்வுக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போவார். எங்கள் தெருவுக்கு மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கணும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடிச்சுக்கணும், சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போகணும், தெரு முடிஞ்சதும் ஏறிக்கலாம். எந்தச் சட்டத்திலும் எழுதாத இதை எல்லோரும் சரியாகக் கடைப்பிடித்தார்கள். அப்பா ஒரு நாள் இறங்கவில்லை. மேலத்தெருப் பண்ணையாரின் ஆட்கள் இறக்கினார்கள். அன்றோடு அவருடைய வலது முழங்கால் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. விசாரிக்க வந்தவர் பண்ணை வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டு போனார். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் எங்களுக்கும் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, என்று பட்டாக் காகிதம் வந்தது. காகிதம் பெட்டியில் இருக்கிறது. நிலம் கோர்ட்டில் இருக்கிறது. ஆட்சிகள் மாறி மாறி வந்து டி.வி. கொடுத்தார்கள், மிக்ஸி கொடுத்தார்கள், நிலம் மட்டும் கோர்ட்டிலேயே இருக்கிறது. சரி, நிலம் கிடக்கட்டும், அப்பா ஒரு தடவையாவது மேலத்தெருவில் உட்கார்ந்தபடியே, இறங்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முத்துப்பேட்டை அப்துல் வஹாப் பாய் பழைய அம்பாசிடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது அவர்தான். கார் எடுக்கப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, “தம்பி, அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. ஏறிப் பாக்கட்டும். அந்தக் காலை எங்க வைக்கிறதுன்னு நீங்க பாத்திருக்க மாட்டீங்க, நான் பாத்திருக்கேன்” என்றார். நான் கேட்கவில்லை. சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்தி அசத்தப் போகிறேனாம். அம்பாசிடர் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்றும் நினைத்தேன். அச்சில் வந்த உங்கள் பதிலை நம்பினேன், ஐயா.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரைக் கொண்டுவந்தேன். மேலத்தெரு நடுவில், டீக்கடைக்கு எதிரே ஒரு வேகத்தடை இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் போட்டது என்பார்கள். பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கள் தெருப் பையன்கள் பைக் வாங்கின வருஷம் போட்டது என்பதுதான் சரி. ரோட்டுக்குக் குறுக்கே வரப்பு வெட்டி வைத்ததுபோல இருக்கும். நான் மட்டும் உள்ளே இருந்ததால் லேசாக உரசிக்கொண்டு தாண்டிவிட்டது. அதைச் சகுனமாக எடுக்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தினேன். அன்றைக்கு வஹாப் பாய் வீட்டில் விருந்து, அவர் சம்சாரம் ஆசியா அம்மா பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்பாவை முன் சீட்டில் ஏற்ற ஆரம்பித்தோம். சீட்டு ஒரு குழி. அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, காலை உள்ளே விட்டால் தலை வெளியே இருக்கிறது. அம்மா எல்லையம்மாள் அந்தப் பக்கக் கதவு வழியாகத் தோளைப் பிடித்து இழுத்தாள், நான் காலைத் தூக்கினேன், பக்கத்து வீட்டுக்காரர் “இப்புடி சாய்ச்சு, நெல்லு மூட்டை ஏத்துற மாதிரி” என்று கற்றுக்கொடுத்தார். கடைசியில் சீட்டைப் பின்னால் தள்ளி, முழுக்கச் சாய்த்துப் படுக்கவைத்தோம். அப்பா கூரையைப் பார்த்தபடி மல்லாந்துகிடந்து, “நல்லாத்தான்டா இருக்கு. ரோடுதான் தெரியல” என்றார். ரோட்டுக்கும் அப்பா தெரியவில்லை. மேலத்தெரு பார்க்கவேண்டும் என்று வாங்கின காரில் வெளியிலிருந்து பார்த்தால் நானும் அம்மாவும்தான் இருந்தோம்.

வேகத்தடையில் ஏறினோம். முன் சக்கரம் தாண்டியது. பிறகு அடியில் பாவாடை கிழிகிற சத்தம் கேட்டது, கார் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. டீக்கடை முழுவதும் எழுந்து வந்தது. “குறுக்கால ஏத்து தம்பி.” “அப்புடியெல்லாம் ஏறாது, நாலு பேரு தூக்குங்கப்பா.” “ஏன்டாப்பா, இது வாங்குனதா, மண்ணுல பொதைஞ்சு கெடந்து தோண்டி எடுத்ததா?” ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “உள்ள இன்னொரு ஆளு படுத்திருக்குய்யா” என்றார். அப்போதுதான் பஞ்சநாதன் வந்தார். அப்பாவை இறக்கிய பண்ணையாரின் பேரன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உயரமான ஜீப் வைத்திருக்கிறார், அவருக்கு வேகத்தடை ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்குக் குனிந்து, “பெரியவரே, கொஞ்சம் எறங்கிக்கிட்டீங்கன்னா ஈசியா தாண்டிரும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முறைத்துச் சொல்லியிருந்தால் நான் சட்டையைப் பிடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது. கார் சொல்கிறது, இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறக்க ஏழெட்டு நிமிஷம் ஆனது. தெருவே நின்று பார்த்தது. அவரை மறுபடியும் அங்கேயே ஏற்றினால் இன்னொரு கால் மணி நேரம் கூத்து. அப்பாவுக்கும் அது தெரிந்தது. “நீ வண்டிய தெரு முனையில கொண்டுபோயி நிறுத்து. நான் வந்து ஏறிக்கிறேன்” என்றார். நாற்பத்தாறு வருஷம் கழித்து, மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத புதுக் காரில், அதே தெருவில், இறங்கி நடந்து, தெரு முடிந்த பிறகு ஏறிக்கொள்ள அப்பாவை நான் ஏற்பாடு செய்துவிட்டேன். என் கண் முழுக்க அந்த வேகத்தடை மேல் இருந்தது. தாண்டியபிறகு கண்ணாடியில் பார்த்தேன். கூடவே இறங்கிக்கொண்ட அம்மா பக்கத்தில் வர, அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

முத்துப்பேட்டை போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவும் இல்லை. ஏம்ப்பா என்று கேட்டால், கால் வலிக்குதுடா என்பார். எனக்குத் தெரியாதா என்ன வலி என்று.

நவம்பரில் நெஞ்சுச் சளி கட்டி ஒரு காலையில் அப்பா போய்விட்டார். ஒரகடத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வேகத்தடையில் நான் நிதானிக்கவில்லை, பாவாடையில் பாதி அங்கேயே கிடக்கிறது. பாடையை மேலத்தெரு வழியாகக் கொண்டுபோகணும்னு நான் நின்னேன். எங்க பெரியவங்களே, மழை நாளுல வம்பு வேணாம்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க பொணமெல்லாம் எப்பவும் போற வாய்க்கால் கரை வழியா, முழங்கால் சேத்துல, நாலு பேரு வழுக்கி வழுக்கித் தூக்கிட்டுப் போனோம். சிவப்பு கார் வாசல்ல நின்னுச்சு. சுடுகாட்டுக்கும் அதுல போக முடியாது.

ஆகையால் ஆசிரியர் ஐயா, இரண்டு வேண்டுகோள். உங்கள் இதழில் கார்களை ஒப்பிடும் அட்டவணையில் எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் என்று ஒரு வரி போடுகிறீர்கள். அதன் கீழே, மடங்காத காலோடு ஒருவர் உட்கார முடியுமா, எங்கள் ஊர் மாதிரி ஊரில் யாரையும் இறக்கிவிடாமல் போகுமா என்று இன்னும் இரண்டு வரி சேர்க்கவும். அடுத்தது, கீழ்க்கண்ட விளம்பரத்தைப் பிரசுரிக்கவும்: ‘சிவப்பு நிறம், ஆறு மாத ஓட்டம், அடியில் சேதம். உடனடி விற்பனை. மேலத்தெருக்கள் இல்லாத ஊர்க்காரர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்.’

தங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லவும். அடுத்த கார் எடுக்கும்போது அவர்களையும் கடைக்குக் கூட்டிப்போகவும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை நம்பிய
இரா. செல்லதுரை

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “செருப்பப் பத்தி எழுதலையா?” என்றாள். எந்தச் செருப்பு என்றேன். “காலைப் புடிச்சு இழுத்தப்ப ஒத்தச் செருப்பு வண்டிக்கு அடியில விழுந்துருச்சு. நீ வண்டிய எடுத்ததும் நடுரோட்டுல கெடந்துச்சு. இவரால குனிய முடியுமா? அந்தப் பண்ணை வூட்டுப் புள்ள குனிஞ்சு கையில எடுத்து, இவரு காலுக்கு நேரா வச்சுது. இவரு கம்ப ஊனி நின்னு, நிதானமா மாட்டிக்கிட்டாரு. தெருவே பாத்துச்சு.” காரில் ஏன் பேசாமல் வந்தார் என்று கேட்டேன். “சிரிப்ப அடக்கிக்கிட்டு வந்தாருடா. சாவுற வரைக்கும் சாயங்காலமானா அந்தச் செருப்பப் பாத்துட்டு ஒரு சிரிப்பு. ஒங்கிட்ட சொல்லாதன்னுட்டாரு. சொன்னா நீ போயி அந்தப் புள்ளகிட்டயே கேட்டுட்டு வருவ, அப்புறம் அது சென்மத்துக்கும் குனியாதுன்னாரு.” அப்புறம் ஏன் காரில் ஏறவில்லை என்றேன். “கால் வலிச்சுதுடா. அதத்தான சொன்னாரு” என்றாள்.

பஞ்சநாதன் யார் செருப்பு என்று தெரிந்து எடுத்தாரா, வழியில் கிடக்கிறதே என்று எடுத்தாரா, எனக்குத் தெரியாது. பாடையை மேலத்தெரு வழியாகக் கொண்டுபோக நான் நின்ற அன்று அவர் வாசல் கதவு சாத்தியிருந்தது. ஒரு மா நிலமும் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. என் கோபத்தில் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அந்த விளம்பரத்தைப் போட வேண்டாம். காரை நாலு விரல் உயர்த்துவதற்கு ஸ்பிரிங் எங்கே கிடைக்கும் என்று மட்டும் ‘கேளுங்கள், ஓட்டுங்கள்’ பகுதியில் தெரிவிக்கவும். அம்மாவுக்குக் கால் மடங்கும். முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறேன் என்கிறாள்.