இளவரசர் படிக்கும் ஊரின் குறியீடு

மழை தவறினாலும் அரசாணை தவறாத வெண்மணல் நாட்டை மணிமுடியார் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர். குடிமக்களுக்காக நாளொரு சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்நாட்டுத் துறைமுகத்தில் ஆப்பம் விற்ற செங்கமலத்தின் மகள் குமுதா, கடலுக்கு அப்பால் குரவை நகரத்தில் மருத்துவம் படித்தாள். பௌர்ணமிக்குள் கட்டணம் போய்ச் சேராவிட்டால் அவளைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். அயல்நாட்டுக்குப் பணம் அனுப்புவது ஒன்றும் கடினமல்ல. பெறுகிற வங்கியின் குறியீட்டைப் படிவத்தில் பிழையின்றி எழுதினால் பணம் தானே வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

இங்குதான் நிதியமைச்சர் நெடுங்கிள்ளியார் ஓர் அவமானத்தைக் கண்டுபிடித்தார். குறியீடுகள் எல்லாம் அயலார் எழுத்தில் இருந்தன. இனி எந்த ஊருக்குப் பணம் அனுப்பினாலும் குறியீடாக மன்னரின் திருப்பெயரையே எழுத வேண்டும் என்று ஆணை பிறந்தது.

அயல்நாட்டு வங்கிகள் அந்தப் பெயரில் கிளை ஏதும் இல்லாமல் திகைத்து, பணத்தை அந்தப் பெயருக்கு உரியவருக்கே திருப்பி அனுப்பின. அரண்மனைக் கருவூலம் நிரம்பியது. அயலார் நம் மன்னரை நம்பி முதலீட்டைக் கொட்டுவதாக அமைச்சர் அறிவித்தார். ஊரெங்கும் விளக்கேற்றினார்கள். செங்கமலமும் ஏற்றினாள், ஏற்றாதவர்களுக்கு அபராதம் இருந்தது.

மன்னர் பெயரை எழுதிக் குமுதாவுக்கு அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கியில் கேட்டாள். கேட்பதற்கு முன், தனக்குச் சந்தேகமே இல்லை என்று உறுதிமொழிச் சான்று தர வேண்டும் என்றார்கள். சந்தேகமே இல்லாதவளுக்குப் பதில் எதற்கு என்று அந்தச் சான்றைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கிடையே குமுதாவின் கடிதம் வந்தது. கட்டணம் இன்னும் வரவில்லையாம்; அதே கல்லூரியில் படிக்கும் இளவரசரோ வீட்டிலிருந்து வந்த பணத்தில் புதுக் குதிரை வாங்கியிருக்கிறாராம். செங்கமலம் ஆப்பச்சட்டியைக் கவிழ்த்துவிட்டு நேரே அரசவைக்குப் போனாள்.

"மவராசா, இளவரசருக்கு மட்டும் பணம் எப்படிங்க போய்ச் சேருது?"

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பழைய குறியீட்டில்தான் செல்கிறது. ஆணை அயல்நாடுகளுக்கு மட்டுமே. இளவரசர் திருவடி பதிந்த மண் அயல்நாடு ஆகாது. அது நம் நாடே."

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எம் மவளும் நம்ம நாட்டுலதானுங்களே படிக்கிறா?"

மன்னருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய குறியீட்டைத் தன் கையாலேயே எழுதி அவளிடம் கொடுத்து, திரும்பி வந்த கட்டணத்தையும் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அமைச்சரின் பறை முழங்கியது. குரவை நகரம் போரின்றி வெல்லப்பட்டது; அங்குள்ள பிள்ளைகளுக்குப் பழைய குறியீட்டிலேயே பணம் அனுப்பலாம்; வெற்றி விழாச் செலவுக்காக அதில் பத்தில் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளப்படும். வேறு ஊர்களில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், இளவரசரை அடுத்து எங்கே படிக்க அனுப்பலாம் என்று மனு எழுதத் தொடங்கினார்கள்.

பௌர்ணமி கழிந்து குமுதா எழுதியிருந்தாள்: "அம்மா, பணம் வந்துருச்சு. கொறஞ்சதுக்கு இங்க வீட்டுக்காரம்மா கைமாத்துக் கொடுத்தாங்க. பரீட்சை எழுதிட்டேன். நாம அவங்க ஊரை ஜெயிச்சது அவங்களுக்கு இன்னும் தெரியாது. பாவம், நல்லவங்க. நான் சொல்லல."