டிரசருக்கு நான் மூக்கான கதை

மலேசியாவின் கேமரன் மலையில் டிரசரைப் போல ரோஜாத் தோட்டத்துக்குப் போனவர் யாரும் இருக்க முடியாது. ஞாயிறு தவறினாலும் அவர் தவற மாட்டார். மழை பெய்தால் குடையோடு போவார். காய்ச்சல் அடித்தால் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு போவார்.

எழுபதுகளின் நடுவில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். பெரிய டாக்டர் எப்போதாவதுதான் மலையேறி வருவார் என்பதால் மற்ற நாட்களில் இவர்தான் எங்களுக்கு டாக்டர். அவருடைய மனைவிகூட அவரை டிரசர் என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு அப்போது கவிஞன் என்று நினைப்பு. பத்திரிகையில் இரண்டு கவிதைகள் வந்திருந்தன. அது எஸ்டேட்டில் தெரியாதவர் கிடையாது. வீடு வீடாக நானே சொல்லியிருந்தேன். ஒரு மாலை டிரசர் என் வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, நீங்க கவித எழுதுறவராமே?"

"ஏதோ, கொஞ்சம்," என்றேன், அடக்கம் நன்றாக வெளியே தெரியும்படி.

"ஞாயித்துக்கெழம ரோஸ் கார்டன் போலாம். ஒங்களாலதான் முடியும்."

சால்வை போடப்போகிறார்கள் என்று முடிவு செய்தேன். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியிடம் கோட் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, டிரசரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். பிரிஞ்சாங் தாண்டும்வரை வளைவுக்கு வளைவு ஏற்புரையைத் திருத்திக்கொண்டே போனேன்.

தோட்டத்தில் முதல் செடியைக் காட்டினார். "மோந்து பாருங்க. என்ன வாசம்?"

"மனத்தை மயக்கும் தெய்வீக மணம்."

"மனசு கெடக்கட்டும். மூக்குக்கு என்ன தெரியுது?"

மறுபடி முகர்ந்தேன். "ரோஜா வாசம்."

"அது போர்டுலயே போட்டிருக்கு லா, வாத்தியாரே."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். இளவயதில் வந்த விஷக்காய்ச்சல் அவருடைய உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. சோறு தீய்ந்தாலும் தெரியாது, சாம்பிராணி போட்டாலும் தெரியாது. ரோஜா மேல் இருந்த ஆசை மட்டும் விடவில்லை. அதனால் வாரம் ஒருவரை அழைத்துவந்து கேட்டுக்கொண்டிருந்தார். லோரி டிரைவர் எல்லாச் செடியும் டயர் வாசம் என்றாராம். கங்காணி, எல்லாமே பீடி என்றாராம். கடைசி நம்பிக்கை நான்.

அன்று எஸ்டேட் லோரியில் சில குடும்பங்கள் தோட்டம் பார்க்க வந்திருந்தன. கொழுந்து பறிக்கும் லெட்சுமியக்கா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, ஒரு மஞ்சள் ரோஜாவிடம் குனிந்தார்.

"நம்ம பெக்டரி கதவத் தொறந்ததும் வருமே டிரசரய்யா, காஞ்ச கொழுந்து வாசம். அதுல ஒரு கொய்யாப்பழத்த வெட்டி வச்ச மாதிரி இருக்கு."

டிரசர் கண்ணை மூடினார். "ஆமா… வருது, வருது."

இரண்டு கவிதை அச்சான கவிஞன் இரவல் கோட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அதன் பிறகு ரோஷத்தில் ஞாயிறுதோறும் நானே கிளம்பினேன். ஒருமுறை பூவுக்குள் இருந்த தேனீ என் மூக்கில் கொட்டிவிட்டது. டிரசர்தான் மருந்து தடவினார், "உள்ள என்ன வாசம் இருந்திச்சு?" என்று கேட்டுக்கொண்டே.

இன்னொரு ஞாயிறு எனக்குக் கடும் ஜலதோஷம். மூக்கு முழுக்க அடைப்பு. சொன்னால் லெட்சுமியக்காவைக் கூட்டிப் போய்விடுவாரே என்று மறைத்துவிட்டேன். செடிக்குச் செடி அளந்தேன். சிவப்புக்கு, ரம்புத்தான் பழம் உரித்த விரல். வெள்ளைக்கு, மழை விட்டதும் தகரக் கூரை. இன்னொன்றுக்கு, தீபாவளிக்கு முந்தின நாள் தையல் கடை. ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பும் வழியில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் லா. காலைலேர்ந்து வாயால மூச்சு விட்டுக்கிட்டு வர்றீங்க. நான் டிரசர் இல்லியா?"

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"பொய் சொல்றப்பதான் வாத்தியாரே ஒங்களுக்கு நல்லா வருது."

எண்பதுகளில் எனக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்து அவருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாசம்: காலையில் மீனங்காடி, வெயிலில் காயும், பிள்ளைகள் உட்காரும் பள்ளி வாங்குகள், என் மகள் பிறந்தபோது அவள் உச்சந்தலை. பதிலில் ஒரே வரிதான் இருக்கும்: "இது நெசமா, பொய்யா?" நிஜம் என்று மறுபடி எழுதுவேன்.

கிறுக்கியதையெல்லாம் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தவன் நான். அந்தக் கடிதங்களிலிருந்து மட்டும் ஒரு வரியைக்கூட எங்கும் அனுப்பவில்லை. அவை டிரசருக்கு எழுதியவை.